லேசு வண்டிக்குத் துண்டு போட்டது

விருதுநகர் சீனிவாசகத்தின் கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தரையை விட்டு ஒரு சாண் மேலே நின்றது. அதற்குப் பிறகு அது கீழே இறங்கவே இல்லை. முதலில் பார்த்தவள் வாசல் தெளிக்க வந்த வேலுத்தாய். அவள் வீசிய தண்ணீர் சக்கரத்தில் மோதித் தெறிக்காமல் அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. குனிந்து பார்த்தாள். நான்கு சக்கரத்துக்கும் கீழே வெளிச்சம் தெரிந்தது. “மொதலாளி, காரு தரையில நிக்கலை” என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்துவிட்டு மிச்ச வாசலைத் தெளித்தாள். சீனிவாசகம் வாயில் வேப்பங்குச்சியோடு வந்து பார்த்தார். ஆட்டுரலை உருட்டிவரச் சொல்லி, கமலைக் கயிற்றால் பின் அச்சை அதோடு சேர்த்துக் கட்டினார். பக்கத்து மண்டிக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள், சக்கரத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார்கள், ஒருத்தர் “டயர் தேயாது” என்றார். அத்தோடு கலைந்துவிட்டார்கள். மண்டி திறக்கிற நேரம் பாருங்கள். நின்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தால் கல்லாவில் யார் உட்காருவது?

அந்த வண்டி அந்த நிலைக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாரோ மந்திரம் வைத்துவிட்டதாகக் கதை கட்டுவார்கள். மதுரைப் பக்கம் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. பச்சை நிறம், கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். கொத்தமல்லி மண்டி வைத்திருக்கிறவனுக்கு ஒரு மூட்டைகூட ஏற்ற முடியாத வண்டி எதற்கு என்று சீனிவாசகத்தின் தகப்பனார் தலையில் அடித்துக்கொண்டார். எதற்கு என்று சீனிவாசகத்துக்கும் அவர் மனைவி சொர்ணலட்சுமிக்கும்தான் தெரியும். சொர்ணலட்சுமிக்கு வேகம் என்றால் உயிர். முந்தானையை எடுத்துக் கொண்டையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், சாத்தூர் ரோட்டில் கூடவே ஓடுகிற ரயிலைத் தோற்கடிக்காமல் வீடு திரும்ப விடமாட்டாள். ரயில் எஞ்சின்காரர்கள் அவளைப் பார்த்துக் கையாட்டுவார்கள். அவளும் கூச்சப்படாமல் ஆட்டுவாள். “ஏங்க, இன்னுங் கொஞ்சம் லேசா இருந்தா இன்னும் பறக்கும்லா?” என்பாள் ஒவ்வொரு தடவையும்.

சீனிவாசகம் பெண்டாட்டி சொல்லைத் தட்டாத மனுஷன். மெக்கானிக் மொக்கைச்சாமியை வைத்துக்கொண்டு வண்டியை லேசாக்க ஆரம்பித்தார். முதலில் உபரிச் சக்கரம் போனது. பிறகு கதவுகள், முன்கண்ணாடி, முன்னும் பின்னும் இருந்த இரும்புத் தடுப்புகள். மெத்தை இருக்கைகளை எறிந்துவிட்டுக் கட்டில் போலக் கயிறு பின்னினார்கள். தரைத் தகட்டுக்குப் பதில் மூங்கில் தட்டி வந்தது. எஞ்சின் மூடியைக் கழற்றி, பாத்திரக்காரரிடம் அலுமினியத்தில் அடித்து வாங்கி மாட்டினார்கள். சட்டத்தில் இருக்கிற இரும்பு வீண் என்று அதில் வரிசையாகத் துளை போட்டார்கள். “மொதலாளி, இனி கழட்டணும்னா நம்ம ரெண்டு பேரு சட்டையத்தான் கழட்டணும்” என்று மொக்கைச்சாமி சொன்னது ஐம்பத்தைந்தாம் வருஷக் கடைசியில். ஊரில் அதற்கு லேசு வண்டி என்றே பெயர் வந்துவிட்டது. மறு வருஷம் பங்குனியில் சொர்ணலட்சுமி விஷக்காய்ச்சலில் படுத்தாள். ஒரே வாரம். பிள்ளை குட்டி இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் சீனிவாசகம் திருப்புளியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். அவர் விடாமல் எதையாவது கழற்றிக்கொண்டிருந்தார். நிறுத்தினால், இன்னும் கொஞ்சம் லேசாக இருக்கட்டும் என்று சொல்ல ஆள் இல்லை என்று ஆகிவிடும். அதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. இப்படியே இரண்டு வருஷம் கழற்றினால் எந்த வண்டிதான் தரையில் நிற்கும்?

விருதுநகரில் மண்டி முதலாளிக்கு மரியாதை தாராளமாகக் கிடைக்கும். எதிரே வருகிறவர்கள் தோள்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். கணக்குப்பிள்ளை சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துத் தள்ளுவாரே தவிர கையில் தரமாட்டார். வேலுத்தாய் சோற்றை ஆக்கி மூடி வைத்துவிட்டு, “மொதலாளி, எடுத்துவச்சிட்டேன்” என்று கொல்லைப்பக்கம் இருந்தே சொல்லிவிட்டுப் போய்விடுவாள். தம்பி ஜெயச்சந்திரன் பங்கு பிரித்துக்கொண்டு சிவகாசிக்குப் போய்ப் பட்டாசும் அச்சாபீஸுமாகப் பெரிய ஆளாகிவிட்டான். பெரியப்பா முதுகில் யானை ஏறிக்கொண்டிருந்த அவன் மகள் இப்போது பெரியப்பாவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் நின்று வாங்க என்கிற வயதுக்கு வந்துவிட்டாள். முகச்சவரம் அவரே செய்துகொள்வார். ஆக, சொர்ணலட்சுமி போனதிலிருந்து இன்னொரு மனுஷர் கை சீனிவாசகத்தின் மேல் பட்டதே இல்லை. அவருக்கே அது தெரியாது. என்னவோ ஒன்று குறைகிறது என்று மட்டும் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு குறைவோ என்று நினைத்துப் போட்டுப் பார்ப்பார். உப்பு சரியாகத்தான் இருக்கும்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடிக்காற்றில் லேசு வண்டி ஆட்டுரலையும் இழுத்துக்கொண்டு எழும்பி, பருத்திக் கிட்டங்கியின் கூரை மேல் போய் உட்கார்ந்தது. நாலு ஓடு உடைந்தது. ஆட்டுரல் ஒரு ஆள் உயரத்தில் சுவரோரம் ஊசலாடியதை ஊரே வேடிக்கை பார்த்தது. ஜெயச்சந்திரன் சிவகாசியிலிருந்து ஓடிவந்தான். “அண்ணே, வித்துத் தொலைங்க. பொண்ணு பாக்க வந்தவுக, ஒங்க பெரியப்பா வீட்டுல காரு மேயப் போகுதாமேன்னு கேக்காக. நான் எங்கன போயி முட்டிக்கிட?” என்றான். சீனிவாசகம் யோசித்துப் பார்த்தார். வண்டி ஓட்டி வருஷங்கள் ஆகிவிட்டன. சக்கரம் தரையில் படாததால் அது இனி ஓடவும் ஓடாது. பக்கத்தில் உட்கார ஆளும் இல்லை. சரி என்றார். அடுத்த சந்தை நாளில், கன்றுக்குட்டியைக் கூட்டிப்போகிற மாதிரி வண்டியைக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்ப் பருத்திப்பேட்டை வேப்பமரத்தில் கட்டினார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். விருதுநகர் சந்தையில் பெரிய சரக்குக்கு வாயால் விலை பேசமாட்டார்கள். ஒரு துண்டை விரித்து, அதற்கு அடியில் வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் சேரும். வாங்குகிறவருக்காகத் தரகர் கை கொடுப்பதும் உண்டு. விரல்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தாலோ நீட்டினாலோ ஒன்று, இரண்டென்றால் இரண்டு, வாங்குகிறவர் முழுக்கையும் கொடுத்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பதை மட்டும் முன்கூட்டி வாயால் சொல்லிக்கொள்வார்கள். விலை கட்டாவிட்டால் விற்கிறவர் அந்த விரலை மடக்கிவிடுவார், பேரம் தொடரும். கட்டினால் தன் இடது கையையும் துண்டுக்குள் விட்டு அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடிப்பார். அதற்குக் கை கூடிப்போச்சு என்று பெயர். கை கூடிய பிறகு மாற்றிப் பேசினவன் அந்த ஊரில் தொழில் பண்ண முடியாது. சுற்றி நூறு பேர் நின்றாலும் துண்டுக்குள் நடந்தது அந்த இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். சீனிவாசகம் சின்ன வயதிலிருந்தே ஆயிரம் தடவை செய்த காரியம்தான். ஆனால் தகப்பனார் காலத்துக்குப் பிறகு மண்டியில் கணக்குப்பிள்ளையே துண்டுக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தார்.

தரகர் கருப்பணன்தான் முதலில் வந்தான். வாய்த்துடுக்குக்காரன், தொழில் சுத்தம். துண்டை விரித்துக் கையை உள்ளே விட்டான். சீனிவாசகமும் விட்டார். கருப்பணனின் கை சூடாக, வத்தல் மூட்டைக்குள் துழாவிய காந்தலோடு, வேர்வையில் கொஞ்சம் நனைந்து இருந்தது. அந்தக் கை அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தது. உப்பில் குறைவில்லை, குறைந்தது இதுதான் என்று அந்த நொடியில் அவருக்குத் தெரிந்துபோயிற்று. கருப்பணன் நல்ல விலைதான் கொடுத்தான். சீனிவாசகம் விரலை மடக்கினார். அவன் இன்னொரு விரலைப் பிடித்தான். அதையும் மடக்கினார், ஆனால் உடனே மடக்கவில்லை. வழக்கமாக ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் முடிகிற பேரம் அன்று மதியச் சங்கு ஊதும்வரை நடந்தது. “மொதலாளி கெட்டிக்காரரு, அசைஞ்சு குடுக்க மாட்டேங்காரு” என்று கருப்பணன் வெளியே போய்ச் சொன்னான். இந்த விளம்பரம் ஒன்றே போதும் விருதுநகரில்.

அதன்பிறகு லேசு வண்டிக்குக் கிராக்கி வந்துவிட்டது. ஒவ்வொரு சந்தைக்கும் யாராவது துண்டு போட வந்தார்கள். டூரிங் டாக்கீஸ்காரர் வந்தார், வண்டியைக் கொட்டகைக்கு மேலே பறக்கவிட்டால் மூன்று மைலுக்குத் தெரியும் என்று. கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள், சாமியை இதில் எழுந்தருளப் பண்ணினால் தூக்குகிறவர்களுக்குத் தோள் காய்க்காது என்று. விஸ்வநத்தம் பட்டாசு முதலாளி ரத்தினசாமி விலை படிவதற்கு முன்னாலேயே பறக்கும் கார் மார்க் என்று லேபிள் அடித்துவிட்டார். வண்டி கிடைக்கவில்லை, ஆனால் அந்தச் சீசனில் அந்த வெடிக்கட்டுக்குத்தான் ஆர்டர் அதிகம். எல்லாருடைய கையையும் சீனிவாசகம் பிடித்தார். டாக்கீஸ்காரர் கை எலும்பாக இருந்தது. கமிட்டித் தலைவர் கையில் திருநீறு நெறுநெறுத்தது. ரத்தினசாமியின் கையில் வெடிமருந்துக் கரி போகாத ரேகைகள். எந்தப் பேரமும் படியவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியின் கயிறு இடது கையில் இருக்கும், வலது கையை மடித்து மார்போடு வைத்துக்கொள்வார். அன்று ராத்திரி உப்பு தேடமாட்டார்.

ஆனால் வியாபாரி பொறுமைக்கும் ஒரு அளவு உண்டு. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு ஆயிற்று. தூக்கும் துலாமும் போய்க் கிலோ வந்தது. மண்டிக்கு மண்டி டெலிபோன் வந்து, மெட்ராஸ் விலை மணி அடித்துக்கொண்டு வர ஆரம்பித்தது. எடையே இல்லாத சரக்குக்கு எந்தக் கணக்கில் விலை போடுவது என்று புது வியாபாரிகள் குழம்பினார்கள். சீனிவாசகம் விற்க வரவில்லை, வேடிக்கை காட்ட வருகிறார் என்று பேச்சு கிளம்பிற்று. ஒரு விரலுக்கு ஆயிரம் என்பது ஒரு விரலுக்கு நூறு என்று இறங்கியது. அப்புறம் கருப்பணனைத் தவிர யாரும் வரவில்லை. பிறகு அவனும் ஒருநாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “கோவிச்சுக்கிடாதீக மொதலாளி. வித்தா எனக்குத் தரகு. விக்கலைன்னா எனக்கு என்ன? வெயில்ல ஒங்க கையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா எம்பொண்டாட்டி ஒலை வைப்பாளா?” என்றான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் சீனிவாசகம் சந்தைதோறும் வேப்பமரத்தடியில் வண்டியைக் கட்டிவிட்டு, மடியில் துண்டை விரித்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். காற்றடித்தால் வண்டி கொஞ்சம் ஏறும், நின்றால் இறங்கும். ஜனங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தாங்க முடியாத தனிமை என்பார்களே, அதை அவர் தாங்கிக்கொண்டுதான் இருந்தார். வேறு என்ன செய்ய?

அறுபத்துநாலாம் வருஷம் ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு சந்தை நாளில் தாயில்பட்டி இருளம்மாள் வந்தாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் பிழைக்கப் போகிறேன் என்று மலையாளத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அவள் பட்டாசு ஷெட்டில் வேலை பார்த்தவள். ஒருநாள் மருந்து உரசிப் பற்றியதில் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. அதற்குப் பிறகு தாயில்பட்டிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிற ஷெட்டுகளுக்குச் சோறும் குழம்பும் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தாள். கரிசல் காட்டில் மழை பெய்தால் பிழைப்பு கெட்டது. சகதி மாட்டையும் விடாது, சக்கரத்தையும் விடாது. போதாததற்கு வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டை கல்லில் உரசிப் பொறி கிளம்பும் என்று ஷெட்டுக்குப் பக்கத்திலேயே விடமாட்டார்கள். மழைக்காலம் முழுக்கக் குண்டானைத் தலையில் சுமந்து முழங்கால் சகதியில் நடந்தாள். தரையில் படாத வண்டி ஒன்று விருதுநகரில் விலை போகாமல் கிடக்கிறது என்று யாரோ சொன்னதும், சேர்த்து வைத்திருந்ததை முந்தியில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

வந்தவள் வண்டிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். மேலே ஏறி உட்கார்ந்து குதித்தும் பார்த்தாள். ஒரு சாணுக்குக் கீழே அது இறங்கவில்லை. “இது போதும். எஞ்சினு எனக்கு வேண்டாம். நெருப்புப் பிடிக்கிற எதுவும் ஷெட்டுப் பக்கம் ஆகாது. வெலையப் பேசுவோம், துண்டப் போடுங்க” என்று சீனிவாசகத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பேட்டையில் இருந்தவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். பெண்பிள்ளை துண்டுக்குள் கை கொடுத்து அங்கே யாரும் பார்த்ததில்லை. கருப்பணன் பதறிப்போய் ஓடிவந்தான். “ஏத்தா, ஒனக்காக நான் கை குடுக்கேன், நீ தள்ளி உக்காரு.”

“நீ குடுத்தா ஒனக்குத் தரகு குடுக்கணும். வெலை பேசுறது கையி. அதுல ஆம்பளைக் கை பொம்பளைக் கைன்னு தனியா இருக்கா? வெரலுக்கு எம்புட்டுன்னு மட்டும் சொல்லு.”

“வெரலுக்கு நூறு” என்றான் கருப்பணன், வேறு வழி தெரியாமல்.

சீனிவாசகம் துண்டை விரித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்த கையை உள்ளே விட்டார். இருளம்மாள் தன் வலது கையை முழுசாக உள்ளே கொடுத்தாள். முழுக்கை என்றால் ஐந்நூறு. அவள் முந்தியில் இருந்ததும் அதுதான், பேரம் பேசி மிச்சம் பிடிக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. வந்ததிலிருந்து அந்தக் கையை அவள் சேலைக்குள்ளேயே வைத்திருந்தாள், ஆகவே சீனிவாசகத்துக்கு அது தெரியாது. அவர் கைக்குக் கட்டைவிரலோடு சேர்த்து மூன்று விரல் கிடைத்தது. முந்நூறு என்று எடுத்துக்கொண்டார். மடக்கிவிட வேண்டியதுதான் என்று வழக்கம்போல மெதுவாகத் தடவிக்கொண்டு போனவர், மிச்ச விரல் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் நின்றார். அங்கே விரலை மடக்கிவைத்த மேடு இல்லை. வழவழவென்று ஆறிப்போன தழும்பு இருந்தது. அவர் அந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமாகக் கடைக்காரர்கள் அந்தக் கையில் படாமல் சில்லறையை மேலேயிருந்து போடுவார்கள், பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஐயோ, உனக்குமா என்று சீனிவாசகத்தின் மனசு சொன்னது. தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இடது கையையும் துண்டுக்குள் விட்டு, அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

“கை கூடிப்போச்சு!” என்று கருப்பணன் கத்தினான்.

அப்போதுதான் சீனிவாசகத்துக்கு உறைத்தது. அடடா, விற்றுவிட்டோமே! வண்டி போய்விட்டால் இனி எதைச் சொல்லிக்கொண்டு சந்தைக்கு வருவது, எதற்காக ஒருத்தர் வந்து தன் கையைப் பிடிப்பார்? கை தெரியாமல் கூடிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார். எப்படித் தெரியாமல் கூடும் என்று நூறு பேர் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல அந்தப் பெண்ணின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும், தன் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

“எம்புட்டுக்குப் படிஞ்சது?” என்று கேட்டான் கருப்பணன்.

“மூணு” என்றார் சீனிவாசகம்.

“யாரு மூணுன்னது? அஞ்சு” என்றாள் இருளம்மாள். துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிக் காட்டினாள். “இருக்கிறதுதான் மூணு. நான் குடுத்தது முழுக்கை. முழுக்கைன்னா அஞ்சுதான? அதுல ரெண்டக் கழிச்சா என்னய அறகொறைன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“எங்கைக்கு மூணுதான் தட்டுப்பட்டது, தாயி” என்று சீனிவாசகம் பிடிவாதம் பிடித்தார். விற்கிறவர் குறைக்கவும் வாங்குகிறவர் ஏற்றவும் சண்டை போட்ட பேரம் அதற்கு முன்னாலும் பின்னாலும் விருதுநகரில் நடந்ததில்லை. கருப்பணன் தலையைப் பிய்த்துக்கொண்டான். கடைசியில், பிடித்தவர் கை பொய் சொல்லாது, ஆனால் கொடுத்தவர் மனசுதான் விலை என்று தீர்த்துவைத்தான். ஐந்நூறு. முந்தி முடிச்சை அவிழ்க்கும்போது இருளம்மாள் தலையைத் தூக்காமல், “ரெண்டு கையிலயும் பிடிச்சீக. யாரும் பிடிச்சதில்ல” என்றாள், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடிக்கு.

மொக்கைச்சாமி வந்து எஞ்சினைக் கழற்றினான். இறக்கிவைக்கக் கைகொடுக்கச் சொல்லி நாலு பேரைக் கூப்பிட்டான், ஆனால் எஞ்சின் இறங்கவில்லை, ஏறியது. வேப்பமரத்து உச்சியைத் தாண்டி, சாத்தூர் ரோட்டுக்கு நேர் மேலே, ரயில் பாதையை ஒட்டியே தெற்கே போனது. சீனிவாசகம் அது மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். இருளம்மாள் லேசு வண்டியைக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு சிவகாசி ரோட்டில் போனாள். அந்த மழைக்காலத்திலிருந்து தாயில்பட்டி ஷெட்டுகளுக்குச் சோறு ஆறாமல் போய்ச் சேர்ந்தது. குழம்பு ஒரு சொட்டுச் சிந்தியதில்லை என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். கரிசலில் அவள் காலடித் தடம் மட்டும் போகும், கூடவே சக்கரத் தடம் இருக்காது.

சீனிவாசகத்தின் வீட்டு முற்றத்தில் ஆட்டுரல் தனியாகக் கிடந்தது. வேலுத்தாய் அதைக் கொல்லைக்கு உருட்டிக்கொண்டு போய் மறுபடியும் மாவு ஆட்ட ஆரம்பித்தாள். அடுத்த சந்தை நாள் வந்தது. அவர் போகவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் போகவில்லை. அவர் சாப்பாட்டில் உப்பு போட்டுக்கொண்டே இருந்ததில் வேலுத்தாய்க்குச் சந்தேகம் வந்து, “மொதலாளிக்கு நாக்கு செத்துப்போச்சோ” என்று கேட்டாள். தைப்பொங்கலுக்கு முந்தின சந்தையில், தாங்கமாட்டாமல், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மடியில் விரித்தார். எதிரில் எதுவும் இல்லை. ஜனங்கள் பழக்கத்தில் அந்த வெற்றிடத்தையும் சுற்றிக்கொண்டே போனார்கள். வெயில் ஏறிய பிறகு கருப்பணன் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

“என்ன மொதலாளி, சரக்கு என்ன?”

“சரக்கு ஒண்ணுமில்ல, கருப்பணா.”

“பெறகு எதுக்குத் துண்டு?”

அவர் முகம் கோணிற்று. “ஒண்ணுமில்லதான் சரக்கு. கையி பிடிச்சு நாளாச்சுலே” என்றார்.

இத்தனை வருஷம் துண்டுக்குள் நடந்தது அப்போதுதான் கருப்பணனுக்குப் புரிந்தது. குந்தி உட்கார்ந்தான். கையை உள்ளே விட்டான். சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தரகர் துண்டுக்குள் கை விட்டுவிட்டால் அது வியாபாரம், வியாபாரம் என்றால் ஊருக்கு மகமை கொடுத்தாக வேண்டும். மகமை வசூலிக்கிற ஆண்டிச்சாமி ரசீதுக் கட்டோடு வந்துவிட்டார். சட்டம் பேசுகிற மனுஷர். எடை தெரியாமல் மகமை போட முடியாது என்றார். சரக்கு இல்லை என்று கருப்பணன் சொன்னதற்கு, இல்லாததையே நிறுத்துக் காட்டு, எத்தனை கிலோவோ அத்தனைக்குப் போடுகிறேன் என்றார். பெரிய தராசின் ஒரு தட்டில் ஒன்றுமே வைக்காமல் விட்டார்கள். அந்தத் தட்டு தடாலென்று தரையில் போய் மோதியது. எதிர்த் தட்டில் கல் வைத்தார்கள், போதவில்லை. பக்கத்து மண்டியிலிருந்து கல் கடன் வாங்கிவந்து வைத்தார்கள். ஒரு வழியாக முள் நேராக நின்றபோது, எதையும் கழற்றாத ஒரு முழு மோட்டார் வண்டியின் எடை அதில் இருந்தது என்று மொக்கைச்சாமி சொன்னான். ஆண்டிச்சாமி மகமை போட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். வத்தல் வண்டி வந்து நின்றதால் தராசைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

அதிலிருந்து அந்தச் சரக்குக்கும் விருதுநகர்ப் பேட்டையில் ஒரு இடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு சந்தைக்கும் யாராவது துண்டுக்குள் கை கொடுத்தார்கள். சாத்தூர்த் தரகர்கள் கொடுத்தார்கள், பெண்சாதியை இழந்த ஒரு நெசவுக்காரர் அருப்புக்கோட்டையிலிருந்து வந்து கொடுத்தார், கலியாணம் முடிந்து மறுவீடு வந்த தம்பி மகள் புருஷனோடு வந்து ஒருநாள் கொடுத்தாள். இருளம்மாள் வத்தல் வாங்க வரும்போதெல்லாம் வருவாள். வண்டியை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, முன்னால் நிற்கிறவர்களை, “தள்ளுங்க, நானும் வெலை கேக்கணும்” என்று விலக்கிக்கொண்டு உட்காருவாள். முழுக்கையையும் கொடுப்பாள். சீனிவாசகம் விரல்களைப் பிடிப்பார், தழும்பு வரைக்கும் போவார், மறுபடியும் முதல் விரலிலிருந்து வருவார். ரொம்ப நேரம் நடக்கும். அவள் ஊர்க்கதை சொல்வாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இடது கையை மட்டும் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொள்வார், அது தன்னையறியாமல் கிளம்பித் துண்டுக்குள் போய்விடக் கூடாது என்று. சாயங்காலம் பேட்டைக் கரும்பலகையில் மல்லிக்கும் வத்தலுக்கும் பருத்திக்கும் அன்றைய விலை எழுதுவார்கள். அதற்குக் கீழே சீனிவாசகம் சரக்கு என்று எழுதி, பேரம் படியவில்லை என்று போடுவார்கள்.